செவலைக் குட்டிக்கு ஓர் இரங்கல்

செவலை ராஜபாளையம் நாய் போய்ச் சேர்ந்துவிட்டது. கருப்பும், மறை விழுந்ததும் அதற்கு முன்னும் பின்னுமாகப் போயின. ஒரே நாளில் நடந்த சாவாக இருந்தால் தேதி போட்டு எழுதலாம். இது தலைமுறைக் கணக்கில் நடந்தது. ஈத்துக்கு ஒன்று, ரெண்டு என்று, கண் திறப்பதற்கு முன்பே கழித்துக்கட்டிய உயிர்கள். பெயர் வைக்கும் வயது வரை வாழாததால் அவற்றுக்குப் பெயரும் இல்லை.

இன்றைக்கும் எங்காவது ஒரு கொட்டகையில் நிறமுள்ள குட்டி ஒன்று பிறக்கத்தான் செய்கிறது. ஆனால் ராஜபாளையம் நாய் என்றால் ஊருக்கும் உலகத்துக்கும் ஒரே படம்தான்: பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, தேன் நிறக் கண், ஒட்டிய வயிறு, நீண்ட கால். 2005-இல் அஞ்சல் துறை இந்திய நாயினங்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டது. முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டு நாய் ஆகியவற்றோடு எங்கள் பக்கத்து நாயும் அதில் நின்றது, வெள்ளையாக. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வைத்தியநாதசுவாமி கோயிலைத் தாண்டி ராஜபாளையம் சாலையில் போகிறவர்கள் தோப்பு வீட்டு கேட்டுகளில் பார்ப்பதும் அதே வெள்ளையைத்தான். செவலை நாய் கண்ணில் பட்டால் அது வேறு ஏதோ சாதி, அல்லது கலப்பு என்று தள்ளிவிட்டுப் போகிறோம். ஒரு காலத்தில் இதே தாயின் வயிற்றில், இதே வெள்ளைக் குட்டிகளோடு கூடப் பிறந்த உடன்பிறப்பு அது.

இந்த நாய் முதலில் வேட்டை நாய். விஜயநகரத்திலிருந்து வந்த ராஜு சமூகத்தாரோடு வந்தது என்பார்கள். பாளையக்காரர் காலத்தில் போருக்கே இதைக் கூட்டிப் போனார்கள் என்றும் சொல்வதுண்டு. ஆங்கிலேயர் வைத்த பாலிகர் ஹவுண்ட் என்ற பெயர் அந்தப் பேச்சோடு ஒட்டிக்கொண்டது. கதைகளை விட்டுவிட்டாலும் நிலம் இருக்கிறது. மேற்கே மலை. அய்யனார் கோயில் பக்கமும் செண்பகத்தோப்புப் பக்கமும் காடு இறங்கி வந்து மாந்தோப்புகளைத் தொடுகிறது. அங்கே காட்டுப்பன்றியைத் துரத்தி, மடக்கி, ஆள் வந்து சேரும்வரை நகரவிடாமல் நிறுத்துவதுதான் இதன் வேலை. கண்ணால் பார்த்துத் துரத்தும் சாதிதான். ஆனாலும் பன்றி புதருக்குள் மறைந்த பிறகு ஆளின் கூப்பாடும் கூட வந்த நாயின் குரைப்பும் காதில் விழுந்தாக வேண்டும். எந்தப் பக்கமிருந்து சத்தம் வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். தெரியாத நாயைப் பன்றியின் கோரைப்பல் கிழித்துவிடும். அப்படிக் கிழிபட்ட நாய் அடுத்த ஈத்துக்கு அப்பன் ஆகாது. யாரும் திட்டம் போட்டு நடத்தாத ஒரு பரீட்சை இது. வெள்ளை மேல் ஆசை அப்போதும் இருந்தது. நிறக் குட்டிகளைக் கழிப்பதும் இருந்தது. ஆனால் காடும் தன் பங்குக்குக் கழித்தது, அது காதைப் பார்த்துக் கழித்தது.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடி சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆயிற்று. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. அந்தக் காடு காக்கப்பட்டதில் எனக்கு முழு மகிழ்ச்சிதான். ஆனால் நாய்க்கு வைத்த பரீட்சையும் அதோடு முடிந்தது. அதன் பிறகு குட்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு மனிதக் கண் மட்டுமே மிஞ்சியது. கண்ணுக்கு வெள்ளை தெரியும். காதுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

நிறத்தைக் கழித்தவர்கள் மனதில் ஒரு கணக்கு இருந்தது. அது முட்டாள்தனமான கணக்கு இல்லை. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் நம் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்த கணக்குதான். 1866-இல் அச்சேறிய மெண்டலின் பட்டாணிக் கட்டுரை சொல்வது: நெட்டை ஓங்கு பண்பு, குட்டை ஒடுங்கு பண்பு, குட்டையோடு குட்டை சேர்ந்தால் குட்டைதான். இதை நாய்க்கு வைத்துப் பார்த்தால் வெள்ளையோடு வெள்ளை சேர்த்துக்கொண்டே போனால் போதும், சில தலைமுறையில் நிறம் கழுவிக்கொண்டு போய்விடும், வேறெதுவும் மாறாது. பட்டாணி வாய்த்த அதிர்ஷ்டம் அப்படி: மெண்டல் எடுத்துக்கொண்ட ஏழு பண்புகளும் இது அல்லது அது என்று பளிச்சென்று பிரிந்து நின்றன. உயிர்களில் பெரும்பாலான பண்புகள் அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. நாயின் வெள்ளை அப்படி நிற்கவே நிற்காது.

வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்து செவலை பிறந்தால் என்ன சொல்வோம்? பெட்டை மேல் பழி போடுவோம். கட்டை அவிழ்த்துக்கொண்டு போய் எந்தத் தெரு நாயோடோ சேர்ந்திருக்கும் என்போம். அந்தப் பழியைத் துடைக்கும் பரிசோதனை நூறு ஆண்டுக்கு முன்பே நடந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேட்சன், பன்னெட் என்ற மரபியல் ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் இனிப்புப் பட்டாணிப் பூச்செடிகளை ஆராய்ந்தார்கள். வெள்ளைப் பூ பூக்கும் இரண்டு வகைகளைச் சேர்த்தபோது பிள்ளைச் செடிகள் எல்லாமே ஊதா பூத்தன. நிறம் உண்டாவதற்கு இரண்டு ஜீன்கள் கைகோக்க வேண்டும்; ஒரு வகையில் ஒன்று பழுது, மற்றதில் இன்னொன்று பழுது. இரண்டும் சேர்ந்ததும் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிட்டது. அடுத்த தலைமுறையில் ஊதாவும் வெள்ளையும் 9-க்கு 7 என்று வந்தன. புத்தகத்து 3-க்கு 1 காணாமல் போயிற்று. நாயிலும் வெள்ளைக்குப் பல வழிகள் உண்டு. நிறச் செல்லே தோலுக்கு வந்து சேராத வெள்ளை ஒன்று. செல் இருந்தும் நிறம் வெளுத்துப்போன வெள்ளை இன்னொன்று. ஒரு வழி வெள்ளைக் கடுவனும் மறு வழி வெள்ளைப் பெட்டையும் சேர்ந்தால், எந்தத் தெரு நாயும் குறுக்கே வராமலே, செவலை பிறக்கலாம். தாய் உத்தமியாக இருந்தும் குட்டி செத்தது.

இன்னொன்றும் உண்டு. வெள்ளை நாய்க்குள் நிறம் இல்லாமல் போய்விடுவதில்லை, மறைந்துதான் இருக்கிறது. கருப்பா செவலையா என்று முடிவு செய்யும் ஜீன்கள் வேறு. அந்த நிறத்தை உடம்பில் எவ்வளவு தூரம் பரவவிடுவது என்று முடிவு செய்யும் ஜீன்கள் வேறு. பரவவிடாத ஜீன் வந்துவிட்டால் மற்றது இருந்தும் வெளியே தெரியாது. சில வெள்ளை நாய்களுக்குக் காதோரம் ஒரு சின்னப் பொட்டு இருக்கும். அந்தப் பொட்டு செவலையாக இருந்தால், உடம்பு முழுக்க நிறம் பரவியிருந்தால் அது செவலை நாய். அந்தப் பொட்டையும் குறை என்று பார்த்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. அதை நினைக்கும்போதுதான் எனக்கு மனது கனத்துப்போகிறது. ஏன் என்று சொல்ல, உடம்புக்குள் நிறம் வந்து சேரும் வழியைச் சொல்லியாக வேண்டும்.

கருவில் நிறச் செல்கள் முதுகுத்தண்டை ஒட்டிப் பிறக்கின்றன. அங்கிருந்து இரண்டு பக்கமும் பெருகி, இறங்கி, நடந்து உடம்பெங்கும் பரவுகின்றன. அவை கடைசியாகப் போய்ச் சேரும் இடங்கள் பாதம், மார்பு, வால் நுனி, நெற்றி நடுக்கோடு. செல்கள் குறைவாகக் கிளம்பினாலோ பாதியில் நின்றாலோ அந்த இடங்கள்தான் முதலில் வெள்ளையாகும். நாட்டு நாய் பலவற்றுக்கு நாலு காலிலும் வெள்ளை சாக்ஸ் போட்டதுபோல் இருப்பது இதனால்தான். இன்னும் குறைந்தால் மறை நாய். இன்னும் குறைந்தால் காதில், வாலடியில் மட்டும் பொட்டு. அதற்கும் கீழே போனால் பால் வெள்ளை. ஓங்கியதா ஒடுங்கியதா என்று கேட்டால் பதில் வராது. இது கூடக் குறைய என்ற அளவுக் கணக்கு. பாக்ஸர் நாயில் இது கண்ணெதிரே தெரியும். இரண்டு பக்கமிருந்தும் நிறம் வாங்கியது முழு நிறமாக இருக்கும். ஒரு பக்கம் நிறம், ஒரு பக்கம் வெள்ளை வாங்கியது கழுத்திலும் காலிலும் வெள்ளை அடித்து, நடுவாந்தரமாக நிற்கும். இரண்டு பக்கமும் வெள்ளை வாங்கியது ஏறக்குறைய முழு வெள்ளை. முழுமையற்ற ஓங்குத்தன்மை என்று பாடத்தில் அந்திமந்தாரைப் பூவை வைத்துச் சொல்வார்களே, அதுவே. 2007-இல் அந்தப் பாக்ஸர்களை வைத்துத்தான் எம்ஐடிஎஃப் என்ற ஜீனின் பக்கத்தில் இந்த வெள்ளையின் இருப்பிடத்தைக் கண்டுபிடித்தார்கள். நிறச் செல் பிழைத்துக் கிடப்பதற்கே அந்த ஜீன் வேண்டும்.

நிறச் செல்கள் தோலுக்கு மட்டும் போவதில்லை. ஒரு கூட்டம் உட்காதுக்குப் போகிறது. நத்தைச் சுருள் போன்ற காக்ளியாவின் சுவரில் ரத்தக்குழாய் நிறைந்த ஒரு பட்டை இருக்கிறது. அதற்குள் இந்தச் செல்கள் குடியேறி, உட்காதில் நிற்கும் திரவத்தில் பொட்டாசியத்தின் அளவைக் காப்பாற்றுகின்றன. அந்த அளவு சரியாக இருந்தால்தான் சத்தத்தை நரம்புக்கு மாற்றிக்கொடுக்கும் மயிர்ச்செல்கள் உயிரோடு இருக்கும். கருமையாக இருப்பதால் காதுக்கு ஒரு பயனும் இல்லை; அந்தச் செல் அங்கே இருந்து வேலை பார்ப்பதுதான் பயன். அல்பினோ விலங்குகளுக்குப் பொதுவாகக் காது கேட்பதன் காரணமும் இதுதான். அவற்றில் செல்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன, நிறம் செய்யத்தான் தெரியவில்லை. பால் வெள்ளை நாயின் தோலுக்குச் செல்லே வந்து சேர்வதில்லை; சிலவற்றில் காதுக்கும் சேர்வதில்லை.

குட்டி பிறக்கும்போது காதுத் துளை மூடியிருக்கும். இரண்டு வாரம் போல ஆனதும் திறக்கும். நிறச் செல் இல்லாத காதில், உலகத்துச் சத்தம் உள்ளே நுழையும் அதே நாட்களில் அந்தப் பட்டை வாடத் தொடங்குகிறது. மூன்று நான்கு வாரத்துக்குள் மயிர்ச்செல்கள் செத்துவிடுகின்றன. பிறகு எந்த மருந்தும் அவற்றைத் திரும்பக் கொண்டுவராது. தாயின் குரலைச் சில நாட்கள் கேட்டுவிட்டு அப்புறம் வாழ்நாள் முழுக்கக் கேட்காத குட்டிகள் இருக்கக்கூடும். இதை எழுதக் கை வரவில்லை.

காது கேளாமையைப் போலவே கண்ணின் நீலமும் இதே செல்கள் வராததன் அடையாளம். ராஜபாளையத்தில் பூனைக் கண் குட்டி செவிடாக இருக்கும் என்று வளர்ப்பவர்கள் அனுபவத்தில் சொல்வது வெறும் நம்பிக்கை இல்லை. முழு வெள்ளையாய் நீலக் கண்ணோடு இருக்கும் பூனைகள் பெரும்பாலும் செவிடு என்பதை டார்வினும் உயிரினங்களின் தோற்றம் நூலில் குறித்திருக்கிறார். ஒரு ஜீன் ஒரு பண்பு என்ற கணக்கு இங்கேதான் முழுதாக உடைகிறது. ஒரே ஜீன் தோல், மூக்கு, கண், காது என்று நாலு இடத்தில் கை வைக்கிறது. ரோஸ் மூக்கை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

சரி, வெள்ளை எல்லாம் செவிடா? அதுவும் இல்லை. அதனால்தான் இத்தனை காலம் ஏமாந்தோம். ஒரே ஈத்தில், ஒரே மாதிரி பால் வெள்ளையாகப் பிறந்த குட்டிகளில் ஒன்றுக்கு இரண்டு காதும் கேட்கும், ஒன்றுக்கு இரண்டும் கேட்காது, இன்னொன்றுக்கு ஒரு காது மட்டும் கேட்கும். அந்த ஒற்றைக் காது நாயை யோசித்துப் பாருங்கள். ஒரே உடம்பு. இரண்டு காதுக்கும் ஒரே ஜீன்கள்தான். இருந்தும் இடது காதுக்குச் செல்கள் போய்ச் சேர்ந்தன, வலது காதுக்குச் சேரவில்லை. ஜீன் ஆபத்தைத்தான் கொடுத்தது. முடிவைக் கருவுக்குள் நடந்த பயணம் கொடுத்தது. பல ஜீன்கள் கூட்டாக ஆபத்தை ஏற்றியும் இறக்கியும் வைக்கின்றன. இப்படிப்பட்ட பண்பை 3-க்கு 1 என்ற கணக்கில் எந்தப் பரம்பரை நோட்டிலும் பிடிக்க முடியாது.

ஒற்றைக் காது நாயை வெளிப்பார்வைக்குக் கண்டுபிடிக்கவும் முடியாது. கூப்பிட்டால் திரும்பும். எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டோம் என்றுதான் அதற்குத் தெரியாது. தலையைச் சுற்றித் தேடிவிட்டு வரும். அது நல்ல உயரமும் நல்ல எலும்புமாக இருந்தால் கிராஸுக்கு அதைத்தான் தேடிக் கொண்டுபோவார்கள். காட்டில் பன்றி இரண்டே பருவத்தில் கண்டுபிடித்திருக்கும் குறை, தோப்பில் பல ஈத்துகளுக்கு அப்பனாகி நிற்கிறது. இரண்டு காதும் போன குட்டியையும் உடனே அடையாளம் தெரியாது. கூடப் பிறந்தவை ஓடினால் அதுவும் ஓடும், அவை விழித்தால் அதுவும் விழிக்கும். விற்று, தனியாக ஒரு வீட்டுக்குப் போன பிறகுதான் தூங்கும் குட்டி கதவுச் சத்தத்துக்கு எழவில்லை என்று தெரிகிறது. அதன் பிறகு சங்கிலி, அல்லது தெரு. நெடுஞ்சாலையில் பின்னால் வரும் லாரி அதற்குக் கேட்காது.

ராஜபாளையத்துக்கு மட்டும் வந்த துயரம் இல்லை இது. டால்மேஷியன், செவிடு எத்தனை என்று பல நாட்டில் எண்ணிப் பார்க்கப்பட்ட இனம். அமெரிக்காவில் சோதித்தவற்றில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்காது. லூசியானாவில் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் என்ற ஆய்வாளர் பல்லாண்டு இதையே ஆராய்ந்தார். புல் டெரியரில் அவர் கண்டது: வெள்ளையில் ஐந்தில் ஒன்று போல, நிறத்தில் நூற்றுக்கு ஒன்று சொச்சம். இனம் ஒன்றே, வேறுபாடு நிறம்தான். டால்மேஷியனில் சில குட்டிகள் பிறக்கும்போதே தலையில் பெரிய கருந்திட்டோடு பிறக்கும். அப்படிப் பிறந்தவற்றில் செவிடு கணிசமாகக் குறைவு, ஏனென்றால் அவற்றில் நிறச் செல்கள் தாராளமாக வந்திருக்கின்றன. ஆனால் கண்காட்சி விதிப்படி திட்டு குறை. திட்டு உள்ளதை ஒதுக்க ஒதுக்க இனத்தில் செவிடு பெருகியது. நம் ஊரில் காதோரப் பொட்டை ஒதுக்கியவர்கள் அறியாமல் செய்ததும், சீமையில் சட்டம் போட்டே செய்ததும் ஒன்றுதான். தோலில் பொட்டு இருந்தால் உள்ளே காது நிச்சயம் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு கூட்டத்தையே எடுத்துப் பார்த்தால் பொட்டுள்ள நாய்களில்தான் காது அதிகம் பிழைக்கிறது.

செவலைக் குட்டியைக் கழித்தபோது, ஒரு நிறத்தை எடுத்ததாக நினைத்தோம். எடுத்தது அந்த இனத்தின் காதையும் சேர்த்து.

வளர்த்தவர்களை ஏசுவதற்காக இதை எழுதவில்லை. அல்சேஷனும் டாபர்மேனும் வந்து நாட்டு நாய் என்றாலே இளக்காரமாகிப்போன காலத்தில், கம்மங்கூழும் கேப்பைக்களியும் ஊற்றி இந்த இனத்தைக் கொட்டகையில் காப்பாற்றி வைத்தவர்கள் அவர்கள். அவர்கள் இல்லையென்றால் இரங்கல் முழு இனத்துக்குமாக இருந்திருக்கும். இருந்த நாய் கொஞ்சம். அதில் வெள்ளையை மட்டும் வைத்ததும் வட்டம் இன்னும் சுருங்கியது. அண்ணன் தங்கை, அப்பன் மகள் என்று சேர்க்க வேண்டி வந்தது. பக்கத்திலேயே சிப்பிப்பாறையும் கன்னியும் இருக்கின்றன. அதே கரிசல், அதே வெயில், அதே மாதிரி மக்கள். அங்கே செவலையும் கருப்பும் சாம்பலும் இன்னும் ஓடுகின்றன, அந்த இனங்களைப் பற்றி இந்தச் செவிட்டுப் பேச்சு கிடையாது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லி இந்திய நாய்களை வளர்க்கச் சொன்னார். கேட்டு வருகிறவர்கள் பெருகினால் நல்லதுதான். வந்தவர் கேட்பது பால் வெள்ளையும் ரோஸ் மூக்குமாகவே இருந்தால், விற்பவர் வேறு எதைத்தான் வளர்ப்பார்?

வெள்ளையை விடாமலே நிறத்துக்கு இடம் கொடுத்த இனம் ஒன்று உண்டு. புல் டெரியரை 1860-களில் பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் ஹிங்க்ஸ் முழு வெள்ளையாகத்தான் கொண்டுவந்தார். செவிடு கூடவே வந்தது. இருபதாம் நூற்றாண்டில் சிலர் வேறு இனத்து ரத்தத்தைச் சேர்த்து நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது வெள்ளையை மட்டுமே வளர்த்தவர்கள் எதிர்த்தார்கள். 1936-இல் அமெரிக்காவில் நிற புல் டெரியரைத் தனி வகையாகவே ஏற்றுக்கொண்டார்கள். ராஜபாளையத்துக்கு வெளி ரத்தம் கூடத் தேவைப்படாமல் போகலாம். காதோரப் பொட்டு இன்னும் விழுகிறது, செவலை இன்னும் எப்போதாவது பிறக்கிறது. அது பிறக்கும் ஈத்தில் அதைக் கழிக்காமல் நோட்டில் எழுதி வைத்து, ஐந்து வாரம் கடந்ததும் எல்லாக் குட்டிகளுக்கும் ஒவ்வொரு காதாக மூளைத்தண்டு மின்சோதனை செய்து பார்த்து, இரண்டு காதும் கேட்பதை மட்டும் கிராஸுக்கு விட்டால் போதும். முழுதாக நின்றுவிடாது, குறையும். இந்தச் சோதனை ஒரு கால்நடை மருத்துவரும், காதருகே டிக் டிக் என்று சத்தம் கொடுத்து மூளைத்தண்டின் மின்னதிர்வை அளக்கும் ஒரு கருவியும் இருந்தால் முடிகிற காரியம். ராஜபாளையத்தில் ஆண்டுக்கொருமுறை ஒரு முகாம் போட்டால்கூட, அடுத்த செவலைக்கு இப்படி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்காது.